ஃபயர் பிரிகேட்ல பெண்கள் வந்துட்டாங்க, யூனியன் எங்க நிக்குது?

மும்பைல ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, தாராவி பக்கமெல்லாம் விடியக்காலைல கிரவுண்ட்ல ஓடுற பொண்ணுங்கள்ல நம்ம தமிழ்ப் பொண்ணுங்களும் இப்ப இருக்காங்க. போலீஸ் பர்த்திக்கு, அதாவது ஆள் எடுப்புக்கு, ஓடுறவங்க தான் ஜாஸ்தி, ஆனா ஃபயர் பிரிகேட் பர்த்தி வருதுன்னு தெரிஞ்சா அதுக்கும் ஒரு ஃபார்ம் போட்டுடறாங்க, ஏன்னா பாலிகா வேலை, அதாவது மாநகராட்சி வேலை, மாசம் பொறந்தா சம்பளம், அதுக்கு மேல குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒரு வாய்ப்பு இருக்கு, மும்பைல குவார்ட்டர்ஸ்னா என்னன்னு பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர் படுத்தவங்களுக்குத் தான் தெரியும். செலக்‌ஷன் வரைக்கும் எல்லாரும் ஐடியா குடுப்பாங்க. உள்ள போன அப்புறம் என்னங்கறத பத்தி தான் பேச்சே இல்ல. யூனியன் பத்தி கேட்டா "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், சந்தாவ குடுத்துட்டு நம்ம டியூட்டிய பாப்போம்"னு தான் பாதிப் பேர் சொல்றாங்க.

எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஃபயர் சர்வீஸ் மாதிரி ஒரு வேலைல பெண்களுக்கு யூனியன் மத்தவங்கள விட அதிகமா தேவை. ஆனா யூனியன்னு ஒண்ணு இருந்துட்டாலே அது பெண்கள் பக்கம் நின்னுடும்னு நினைக்கறதும் ஏமாளித்தனம், பல ஊர்ல யூனியன் தான் மொதல்ல கதவ சாத்தினதே. எங்க எப்படி கதவு திறந்துச்சு, இங்க சட்டம் எந்த அளவுக்கு இடம் குடுக்குது, அத தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. இந்தியாவுல இந்த வேலைக்குப் பெண்கள் வந்து கால் நூற்றாண்டு கூட முழுசா ஆகல. நாக்பூர்ல இருக்கற நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ்ல 2002ல ஹர்ஷினி கான்ஹேகர் சேர்ந்தாங்க, அது வரைக்கும் அந்த காலேஜ் முழுக்க ஆம்பளப் பசங்க, இந்தியாவோட முதல் பெண் ஃபயர்ஃபைட்டர்னு அவங்கள தான் சொல்றது, பிறகு ஓஎன்ஜிசில வேலை பாத்தாங்க. அடுத்த வருஷமே 2003ல தமிழ்நாட்டுல பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார்னு ரெண்டு பேர் தீயணைப்புத் துறைல அதிகாரியா வந்தாங்க. 2012 ஜனவரில சென்னை எழிலகம் கட்டிடத்துல தீப்பிடிச்சப்ப பிரியா ரவிச்சந்திரன் உள்ள போய் காயப்பட்டாங்க, கூட போன ஒரு தீயணைப்பு வீரர் உயிரையே விட்டார், அது தமிழ் ஆளுங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அவங்க ரெண்டு பேரும் ஆபீசர் லெவல்ல வந்தவங்க. கீழ, வண்டில தொத்திக்கிட்டு போய் ஹோஸ் புடிக்கற ஃபயர்மேன் போஸ்ட்டுக்கு பெண்கள் வந்தது பெரும்பாலான ஊர்ல அதுக்கும் பின்னாடி தான். மும்பைல 2010கள்ல வந்தாங்க, கேரளாவுல முதல் பெண்கள் பேட்ச் ட்ரெய்னிங் முடிச்சதே 2024ல தான்.

மகாராஷ்டிரால 1994லயே மகளிர் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்து அரசு வேலைல பெண்களுக்கு 30 சதவீதம்னு வெச்சாங்க. பேப்பர்ல 30, ஆனா ஃபயர் ஸ்டேஷன்ல எண்ணிப் பாத்தா கை விரல் போதும். நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க 2023 பிப்ரவரில மும்பை தஹிசர்ல நடந்தத பாக்கலாம். மும்பை ஃபயர் பிரிகேட்ல 910 போஸ்ட்டுக்கு பர்த்தி, மாநிலம் முழுக்க இருந்து பொண்ணுங்க வந்து கிரவுண்ட்ல நின்னாங்க, பெண்களுக்கு குறைஞ்சபட்ச உயரம் 162 சென்டிமீட்டர்னு ரூல். உயரம் சரியா இருந்தும் வெளிய அனுப்பிட்டாங்கன்னு சொல்லி அவங்க போராட்டம் பண்ண, நிர்வாகம் எல்லாம் ரூல் படி தான் நடந்துச்சுன்னு சொல்ல, கடைசில போலீஸ் தடியடி வரைக்கும் போச்சு. யார் சொன்னது சரி, அளந்த ஸ்கேல் சரியாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்தினது வேற. அந்தப் பொண்ணுங்களுக்காக உள்ள போய் ஒரு டேபிள்ல உக்காந்து "திரும்ப அளங்க"ன்னு கேக்க ஆள் கிடையாது, வேலைக்கே சேராதவங்களுக்கு எந்த யூனியன்ல மெம்பர்ஷிப் இருக்கும்? பர்த்தி ரூல் எழுதறப்ப கேள்வி கேக்கக் கூடியது ஏற்கனவே உள்ள இருக்கற யூனியன் மட்டும் தான், அது பெண்கள் உயரத்த பத்தி யோசிச்சிருக்கணும்னா உள்ள பெண்கள் பேசியிருக்கணும், உள்ள பெண்கள் ஜாஸ்தி ஆகணும்னா பர்த்தி நல்லபடியா நடக்கணும். இப்படி ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது.

சரி, ஃபயர்காரங்க யூனியன் வெக்கவே முடியுமா, யூனிஃபார்ம் சர்வீஸ் ஆச்சேன்னு சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு. போலீஸுக்கு 1966ல தனி சட்டமே போட்டு யூனியன் உரிமைய கட்டிப் போட்டிருக்காங்க. பெரிய பொதுத்துறை பிளான்ட் சிலதுல ஃபயர் விங் நடத்தற சிஐஎஸ்எஃப் மத்திய ஆயுதப் படை, அங்கயும் பேச்சே கிடையாது. பல மாநிலங்கள்ல தீயணைப்பு நேரா மாநில அரசோட துறை, அங்க நடைமுறை போலீஸ் மாதிரியே ஓடும். மும்பை கதை வேற, இங்க ஃபயர் பிரிகேட் மாநகராட்சியோடது, 1887லேர்ந்தே அப்படித் தான், பைகுலால ஹெட் ஆபீஸ். ஃபயர்மேனும் குப்பை அள்றவரும் வார்டு ஆபீஸ் க்ளார்க்கும் ஒரே முதலாளிகிட்ட சம்பளம் வாங்கறாங்க. அதனால முனிசிபல் தொழிலாளர் யூனியன் பாரம்பரியம் முழுக்க இவங்களுக்கும் சொந்தம்.

சட்டத்துலயும் இதுக்கு ஒரு பழைய தூண் இருக்கு, அதுவும் மகாராஷ்டிரா கேஸ் தான். 1960ல நாக்பூர் மாநகராட்சி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா எடுத்து இது இண்டஸ்ட்ரியா இல்லையான்னு பாத்துச்சு, ஃபயர் பிரிகேட் டிபார்ட்மென்ட்டும் இண்டஸ்ட்ரி தான்னு சொல்லிச்சு. இண்டஸ்ட்ரின்னா அங்க இருக்கறவங்க தொழிலாளர் சட்டத்துக்குள்ள வருவாங்க, டிமாண்ட் வெக்கலாம், தகராறு எழுப்பலாம், ட்ரிப்யூனல் போலாம். 1947 இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட்லயே முதல் ஷெட்யூல்ல ஃபயர் பிரிகேட் சர்வீஸ்னு பேர் போட்டு இருந்துச்சு, அதாவது அரசு நினைச்சா இத பொதுப் பயன்பாட்டு சேவைன்னு அறிவிச்சு திடீர் ஸ்ட்ரைக்க தடுக்கலாம், நோட்டீஸ் குடுக்காம நிறுத்தக் கூடாதுன்னு இருந்துச்சு. ஸ்ட்ரைக்குக்கு கட்டுப்பாடு வேற, சங்கமே கூடாதுங்கறது வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்கக் கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓவும் இத தான் சொல்லுது, அவங்க 87ஆம் கன்வென்ஷன்ல சங்க உரிமைல விலக்கு ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் தான், ஃபயர் சர்வீஸுக்கு இல்ல. ஜப்பான்ல இன்னமும் ஃபயர்காரங்க யூனியன் வெக்க முடியாது, ஐஎல்ஓ பல பத்து வருஷமா அவங்கள இடிச்சுக்கிட்டே இருக்கு. இந்தியா அந்த 87ல இன்னும் கையெழுத்தே போடல, அத வேற சொல்லியாகணும்.

ஆக கதவு இருக்கு. உள்ள யார் உக்காந்திருக்காங்கங்கறது தான் விஷயம்.

நியூயார்க் கதைய எடுத்துக்கோங்க. 1977ல தான் அங்க ஃபயர்ஃபைட்டர் பரீட்சை பெண்களுக்கு திறந்தாங்க, எழுத்துப் பரீட்சைல பாஸான பெண்கள்ல ஒருத்தர் கூட உடல் தகுதி டெஸ்ட்ல தேறல. பிரெண்டா பெர்க்மன்னு சட்டம் படிச்ச ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனாங்க, அந்த டெஸ்ட் வேலைக்குத் தேவையானத அளக்கலன்னு 1982ல தீர்ப்பு வந்துச்சு, டெஸ்ட்ட மாத்தினாங்க, 40 பேருக்கு மேல பெண்கள் உள்ள வந்தாங்க. அப்ப யூனியன் என்ன பண்ணுச்சு? தரத்த குறைக்கறாங்கன்னு எதிர்ப்பக்கம் நின்னுச்சு. ஸ்டேஷன்ல இருந்த ஆம்பளைங்க சமையலறைல சேர்ந்து சாப்பிட விடல, பேச விடல, சந்தா கட்டற யூனியனே பாதுகாப்பு குடுக்காதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பெண்கள் தனியா ஒரு சங்கம் வெச்சுக்கிட்டாங்க. பெர்க்மன் கேப்டனா உயர்ந்து 2006ல ரிட்டயர் ஆனாங்க, நடுவுல 2001ல ட்வின் டவர்ஸ் விழுந்தப்பவும் ஸ்பாட்டுக்குப் போனவங்க. "பொம்பளைங்களால முடியாது"ன்னு கத்தினவங்க அப்ப எங்க போனாங்கன்னு தெரியல.

பிரிட்டன்ல 1918லேர்ந்து இருக்கற ஃபயர் பிரிகேட்ஸ் யூனியன், சுருக்கமா எஃப்பியு, கொஞ்சம் வேற பாதைல போச்சு. லண்டன் பிரிகேட்ல முதல் பெண் 1982ல தான் சேர்ந்தாங்க, அங்கயும் ஆரம்பத்துல ஸ்டேஷனுக்குள்ள ராகிங், அசிங்கமான விளையாட்டு எல்லாம் இருந்துச்சு. ஆனா பெண் மெம்பர்களுக்குன்னு யூனியனுக்குள்ளயே கமிட்டி, அவங்களுக்குன்னு ரெப், அதாவது பிரதிநிதி, வருஷா வருஷம் கூட்டம், அங்க பாஸான தீர்மானம் மெயின் மாநாட்டுக்குப் போறதுக்கு வழின்னு ஒரு அமைப்பு மெதுவா உருவாச்சு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பலன் அதுல தான் இருக்கு, ஒரு ஸ்டேஷன்ல தனியா இருக்கற பொண்ணு தன் பிரச்சனைய பக்கத்துல இருக்கற பத்து ஆம்பளைங்ககிட்ட சொல்லி ஓட்டு வாங்க வேண்டியதில்ல, தன்ன மாதிரி நூறு பேர் இருக்கற இடத்துல சொல்லி, அது மொத்த யூனியனோட டிமாண்டா திரும்ப வரும். அதனால எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. 2022 நவம்பர்ல நசீர் அஃப்சல்ங்கற முன்னாள் அரசு வக்கீல் லண்டன் பிரிகேட் பத்தி குடுத்த ரிப்போர்ட்ல அந்த அமைப்பே பெண் வெறுப்பும் இனவெறியும் ஊறிப் போனதுன்னு எழுதினார், ஒரு பெண்ணோட ஹெல்மெட்ல மூத்திரம் ஊத்தி வெச்ச சம்பவம் கூட அதுல இருக்கு. நாப்பது வருஷம் கழிச்சு இது.

நம்ம ஊருக்கு வரேன். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு ஃபயர் சர்வீஸ்ல இருக்கா, எந்த ஊர் கார்ப்பரேஷன்னு வேணாம், பேரும் வேணாம். அவ கால் சைஸ் அஞ்சு. ஸ்டோர்ல இருந்த கம் பூட்ஸ்ல சின்னதே ஏழு. ரெண்டு சாக்ஸ் போட்டு, முன்னாடி துணி அடைச்சு ட்ரெய்னிங் முடிச்சிட்டா, ஆனா டியூட்டில ஈர ஏணில ஏறும்போது பூட்ஸ் ஒரு பக்கம் நிக்குது, கால் உள்ள திரும்புது. ஸ்டேஷன்ல ஒரு தமிழ் சீனியர், அவர்கிட்ட "அண்ணா, ஏணில கால் நிக்க மாட்டேங்குது"ன்னு சொன்னா, அவர் நல்ல மனுஷன் தான், "இன்டென்ட் போட்டிருக்கேன்மா, வந்துரும்"னார். வரல. ரெண்டாவது தடவ கேட்டப்ப ஸ்டோர்ல இருந்து "அட்ஜஸ்ட் கரோ"ன்னு பதில். மூணாவது தடவ கேட்டா "கம்ப்ளைன்ட் கேஸ்"னு பேர் வந்துடும்னு அவளுக்கே பயம். அப்புறம் யூனியன்ல ஒருத்தர் வேற ரூட்ல போனார், அவ பேர எங்கயும் போடல, எல்லா ஸ்டேஷன்லயும் எல்லாரோட பூட்ஸ், க்ளவுஸ், ஹெல்மெட் சைஸ எழுதி வாங்குங்கன்னு ஒரு லெட்டர் குடுத்தார். வாங்கிப் பாத்தா சின்ன சைஸ் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஆம்பளைங்க, இத்தன வருஷமா வெளிய சொல்ல வெக்கப்பட்டு துணி அடைச்சுக்கிட்டு திரிஞ்சிருக்காங்க. அடுத்த டெண்டர்ல சைஸ் லிஸ்ட் போச்சு.

இது பூட்ஸோட முடியற விஷயம் இல்ல. முதுகுல மாட்டற பிரீத்திங் செட் மட்டுமே பன்னெண்டு, பதினஞ்சு கிலோ வரும், ஸ்ட்ராப் உடம்புக்கு சரியா இல்லன்னா மொத்த வெயிட்டும் தோள்ல தொங்கும், இடுப்புல உக்காராது. முகத்துல மாட்டற மாஸ்க் ஓரம் சரியா பதியலன்னா புகை உள்ள வரும், அது உயிர் விஷயம். 2017ல பிரிட்டன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு டியுசி பாதுகாப்பு கிட் பத்தி ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, தாங்க போடற கிட் பெண்களுக்காக டிசைன் பண்ணதுன்னு சொன்னவங்க 29 சதவீதம் தான், கிட்டே வேலைய கெடுக்குதுன்னு சொன்னவங்க 57 சதவீதம். அங்கயே அப்படி, இங்க எல்-1 டெண்டர்ல யார் கம்மி விலை சொல்றாங்களோ அவங்க தெச்சுக் குடுக்கற கோட்டு தான். டெண்டர் ஸ்பெசிஃபிகேஷன் எழுதற கமிட்டில யூனியன் ஆள் உக்காரணும், அந்த ஆள் கைல பெண்களோட அளவு இருக்கணும், நான் எதிர்பாக்கற ஆதரவு இந்த மாதிரி தான். மார்ச் 8ஆம் தேதி பொக்கே குடுத்து போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடறத நிறுத்தச் சொல்லல, அதையும் பண்ணட்டும்.

டாய்லெட், ட்ரெஸ் மாத்தற ரூம் பத்தி நீட்டி எழுதத் தேவையில்ல, பிரிட்டிஷ் காலத்து ஸ்டேஷன்ல ஆம்பளைங்களுக்கு மட்டும் கட்டினது, நைட் டியூட்டில பெண் எங்க படுப்பான்னு பிளான்லயே இல்ல. காசு ஒதுக்கினா ஆறு மாசத்துல முடியற வேலை.

கஷ்டமான பகுதி கர்ப்பம். பிரசவ லீவு 26 வாரம்னு 2017 திருத்தத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் தெரியும், அரசு ஊழியர்களுக்கு 180 நாள்னு சர்வீஸ் ரூல்ஸ்ல இருக்கும். லீவுக்கு முன்னாடி என்ன? சட்டம் என்ன சொல்லுதுன்னா, கர்ப்பமா இருக்கறவங்க கேட்டா கடினமான வேலை குடுக்கக் கூடாது, ஆனா அந்தப் பாதுகாப்பு பிரசவ தேதிக்கு முந்தின ஆறு வாரம், அதுக்கும் முன்னாடி ஒரு மாசம், அவ்ளோ தான். அதாவது கடைசி பத்து வாரம் சொச்சம். மில்லுல நின்னு வேலை பாக்கறவங்கள மனசுல வெச்சு எழுதின சட்டம் அது. தீல வேலை பாக்கறவங்களுக்கு ஆபத்து முதல் வாரத்துலேர்ந்தே ஆரம்பம், புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு தாய் ரத்தத்துலேர்ந்து குழந்தைக்குப் போகும், குழந்தையோட ரத்தம் அத இன்னும் இறுக்கமா புடிச்சுக்கும், உடம்பு சூடு ரொம்ப ஏறினா ஆரம்ப வாரங்கள்ல குழந்தையோட முதுகுத்தண்டு வளர்ச்சியே பாதிக்கலாம்னு டாக்டருங்க சொல்றாங்க. தனக்கே கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தீயணைக்கப் போயிருப்பாங்க. அதுக்கு மேல 2022ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஃபயர்ஃபைட்டர் வேலையையே புற்றுநோய் வரவைக்கற வேலைன்னு முதல் குரூப்ல சேத்துடுச்சு, சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருக்கற குரூப் அது.

எஃப்பியு இந்த இடத்துல நல்ல வேலை பண்ணுச்சு. சென்ட்ரல் லங்காஷயர் யுனிவர்சிட்டியோட சேர்ந்து, தீக்கு அப்புறம் கோட்டுல, க்ளவுஸ்ல, வண்டிக்குள்ள, ஸ்டேஷன் சமையலறைல வரைக்கும் ஒட்டிக்கிட்டு வர்ற விஷப் பொருள்களப் பத்தி ஆராய்ச்சி பண்ண வெச்சாங்க. அந்த விஷம் தாய்ப்பால்லயும் வரலாம்ங்கறத வெச்சு, குழந்தை பெத்தவங்க சீக்கிரம் தீ பக்கம் திரும்ப வேண்டிய நிலை வரக் கூடாதுன்னு முழு சம்பளத்தோட 52 வாரம் பிரசவ லீவு கேட்டு கேம்பெயின் நடத்தி சில பிரிகேட்ல வாங்கியும் குடுத்தாங்க. அனுதாபம் காட்டுங்கன்னு கெஞ்சல. லேப் ரிப்போர்ட்ட டேபிள்ல போட்டாங்க. கோட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் துவைக்காதீங்க, ஸ்டேஷன்லயே வாஷிங் ஏற்பாடு பண்ணுங்கங்கற டிமாண்ட் ஆம்பளைங்களுக்கும் அவங்க வீட்டு குழந்தைங்களுக்கும் சேத்து தான். மும்பைல பல ஸ்டேஷன்ல மேல குவார்ட்டர்ஸ், கீழ வண்டி, புகை நாத்தத்தோட படி ஏறிப் போய் குழந்தைய தூக்கறாங்க. அப்ப இது யாரோட பிரச்சனை?

இந்தியாவுல யூனியன் இப்படி பெண்களுக்காக கோர்ட் வரைக்கும் போனதே இல்லையான்னு கேட்டா, போயிருக்கு, அதுவும் இந்த பம்பாய்லயே. 1960கள்ல ஒரு மருந்து கம்பெனி, பேக்கிங் பிரிவுல வேலை பாக்கற பெண்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலை போயிடும்னு ரூல் வெச்சிருந்துச்சு. பாம்பே லேபர் யூனியன் அத எடுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, கல்யாணம் ஆனா லீவு ஜாஸ்தி எடுப்பாங்கங்கற கம்பெனி வாதத்த கோர்ட் ஏத்துக்கல, ரூல் போச்சு. டெல்லில இன்னொண்ணு, மாநகராட்சில மஸ்டர் ரோல்ல தினக்கூலிக்கு ரோடு போடற பெண்களுக்கு பிரசவ லீவே கிடையாது, ரெகுலர் ஸ்டாஃபுக்கு மட்டும் தான்னு நிர்வாகம் சொல்லிச்சு. டெல்லி முனிசிபல் தொழிலாளர் யூனியன் ட்ரிப்யூனல்ல ஜெயிச்சு, மாநகராட்சி அப்பீல் மேல அப்பீல் போய், 2000 மார்ச் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. வெயில்ல ஜல்லி கொட்டற அந்தப் பெண்கள்ல ஒருத்தர் தனியா வக்கீல் வெச்சு இத நடத்தியிருக்க முடியுமா, யோசிங்க. மும்பைலயே 2017ல 2,700 கான்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளர்கள நிரந்தரமாக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்குப் பின்னாடியும் ஒரு யூனியனோட வருஷக்கணக்கான நடை தான். சரத் ராவ்ங்கற யூனியன் தலைவர் காலத்துல முனிசிபல் யூனியன் நோட்டீஸ் குடுத்தா ஊரே அடுத்த நாள் குப்பை, பஸ் என்ன ஆகுமோன்னு கவலப்படும், அந்த பலம் இந்த ஊர் யூனியன்களுக்குப் புதுசு இல்ல.

பலம் எதுக்குப் போகுதுங்கறது வேற. 1944 ஏப்ரல் 14 துறைமுக வெடிவிபத்துல 66 ஃபயர்காரங்க செத்த ஊர் இது, 2015 கால்பாதேவில கட்டிடம் இடிஞ்சு நாலு அதிகாரிகள இழந்தோம், அதனால இழப்பீடு, வாரிசு வேலை, காலி இடம், போனஸ் இதெல்லாம் டிமாண்ட் லிஸ்ட்ல மேல இருக்கும், நியாயம் தான். ஆனா லிஸ்ட் எழுதற ரூம்ல ஒரு பொண்ணு கூட இல்லன்னா பத்தாவது ஐட்டமா கூட மாஸ்க் சைஸ் வராது, கெட்ட எண்ணத்துல இல்ல, தோணாது, அவ்ளோ தான்.

பாலியல் தொல்லை விஷயத்துல இது இன்னும் சிக்கல். 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா உள் கமிட்டி வேணும், தலைவர் பெண், பாதிக்குக் குறையாம பெண் உறுப்பினர்கள், வெளியிலேர்ந்து ஒருத்தர், மூணு மாசத்துக்குள்ள புகார். யூனியனுக்கு இங்க ஒரு தர்மசங்கடம், புகார் குடுத்தவளும் மெம்பர், புகாருக்கு ஆளானவரும் மெம்பர், அவர் இருபது வருஷமா சந்தா கட்டறவர், போன போராட்டத்துல கொடி புடிச்சவர். பேசாம ரெண்டு பேரும் சமாதானமா போங்கன்னு சொல்றது தான் வழக்கம், அந்த ஒரு வார்த்தைல யூனியன் பக்கம் எடுத்தாச்சு. பிரிட்டன்ல யூனியன்கள் ரெண்டு பேருக்கும் தனித்தனி ரெப் குடுத்துடுவாங்க, ஒரே ஆள் ரெண்டு பக்கமும் பேசக் கூடாது. இங்க அத பண்ண புது சட்டம் எதுவும் வேணாம், எக்ஸிக்யூட்டிவ் கமிட்டில ஒரு தீர்மானம் போதும்.

இப்ப 2025 நவம்பர் 21லேர்ந்து புது லேபர் கோட் எல்லாம் அமலுக்கு வந்தாச்சு. இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட்ல 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற இடத்துல குறை தீர்க்கும் கமிட்டி வேணும், மொத்தம் பத்து பேருக்கு மிஞ்சக் கூடாது, அதுல பெண்கள் விகிதம் மொத்தத் தொழிலாளர்கள்ல பெண்கள் எவ்வளவோ அதுக்குக் குறையக் கூடாதுன்னு இருக்கு. கேக்க நல்லா இருக்கா? கணக்குப் போடுங்க. நூத்துல மூணு பேர் பெண்கள் இருக்கற ஒரு இடத்துல பத்து பேர் கமிட்டில பெண்கள் பங்கு 0.3 ஆள். சட்டம் சொன்னது குறைஞ்சபட்சம் தான், அதிகமா போடக் கூடாதுன்னு எங்கயும் இல்ல, ஆனா நிர்வாகம் தானா வந்து அதிகமா போடாது, யூனியன் தன் பங்குக்கு வர்ற சீட்ல ஒண்ண பெண்ணுக்கு குடுத்தா தான் உண்டு. அதே கோட்ல பேச்சுவார்த்தை நடத்தற உரிமை 51 சதவீதம் மெம்பர்ஷிப் இருக்கற யூனியனுக்குன்னு போயிருக்கறதால பெரிய யூனியன் இன்னும் பெருசாகும், பெண்கள் தனி சங்கம் வெச்சா டேபிள் வரைக்கும் வர முடியாது. நியூயார்க் பெண்கள் போன தனி ரூட்ட விட எஃப்பியு பெண்கள் போன உள் ரூட் தான் இங்க ஓடும்னு நான் சொல்றதுக்கு இது தான் காரணம்.

அடுத்த நாலஞ்சு வருஷத்துல வரப் போற சண்டை வேறயா இருக்கும்னு நினைக்கறேன், ப்ரமோஷன். 2010கள்ல ஃபயர்மேனா சேர்ந்த பெண்கள் இப்ப லீடிங் ஃபயர்மேன், சப் ஆபீசர் பரீட்சைக்கு நிக்கற சர்வீஸுக்கு வந்துட்டாங்க, அதே வருஷங்கள்ல தான் ரெண்டாவது குழந்தை, மாமியார் ஆஸ்பத்திரி எல்லாம். கர்ப்பத்துல கன்ட்ரோல் ரூம்லயோ ட்ரெய்னிங் சென்டர்லயோ லைட் டியூட்டி குடுத்த மாசங்கள ஃபீல்டு சர்வீஸா எண்ணுவாங்களா, சீனியாரிட்டில வெட்டுவாங்களா? வெட்டுவாங்கன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணும் கர்ப்பத்த சீக்கிரம் சொல்ல மாட்டா, மறைச்சுக்கிட்டு தீயணைக்கப் போவா, அப்ப மேல எழுதின டாக்டர் பேச்செல்லாம் வீண். அதனால லைட் டியூட்டி டிமாண்ட்ட தனியா வெக்காதீங்க, சீனியாரிட்டி பாதுகாப்போட சேத்து ஒரே பேராவா எழுதி அடுத்த அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்குங்க. நம்ம பொண்ணுங்க யாராவது புதுசா சேர்ந்திருந்தா, சந்தா ரசீது வாங்கும்போது ஜெனரல் பாடி மீட்டிங் எப்பன்னும் தீர்மானம் எழுதிக் குடுக்க கடைசித் தேதி என்னன்னும் சேத்துக் கேட்டு வெச்சுக்கட்டும்.